மூத்த ஆட்டக்காரருக்கு எத்தனை வாய்ப்பு?

ஐபிஎல் அணி ஒன்று குறைந்தது 18 பேரையும் அதிகபட்சமாக 25 பேரையும் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் எட்டுப் பேருக்கு மேல் கூடாது. அவர்களிலும் பதினொருவரில் இடம்பெறக்கூடியவர்கள் நான்கு பேர்தான். 2023 முதல் ‘இம்பாக்ட் பிளேயர்’ என்ற பெயரில் ஒருவரை ஆட்டத்தின் நடுவில் மாற்றிக்கொள்ளலாம். யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கழற்றிவிடுவது, வைத்துக்கொண்டவரை ஆடவிடுவதா பெஞ்சில் உட்காரவைப்பதா என்று தமிழ்நாட்டு ரசிகர்கள் ஆண்டு முழுக்க நடத்தும் வழக்கு இந்தச் சில எண்களைச் சுற்றியே நடக்கிறது. அதில் கூண்டில் ஏற்றப்படுபவர் பெரும்பாலும் முப்பத்தைந்து வயதைக் கடந்தவர். ஒரு காலத்தில் கோப்பை வாங்கித் தந்தவர். இப்போது ரன் வராமல் தடுமாறுபவர்.

சேலம் மாவட்டத்தில் இந்த வழக்குக்கு வாதிகள் அதிகம். சேலத்துக்குக் கிழக்கே வாழப்பாடியை ஒட்டியுள்ள காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷனின் மைதானம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் எடப்பாடி கே. பழனிசாமி அதைத் திறந்துவைத்தார். ராகுல் திராவிடும் என். சீனிவாசனும் விழாவுக்கு வந்திருந்தார்கள். 2022 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் எனப்படும் டிஎன்பிஎல் ஆட்டங்கள் அங்கே நடக்கின்றன. ஐபிஎல் ஆட்டம் இந்தப் பக்கம் வந்ததில்லை. சேப்பாக்கம் போய்ப் பார்க்க வாய்ப்பவர்கள் சிலர்தான். மற்றவர்களுக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் (சிஎஸ்கே) என்பது டிவியிலும் செல்போனிலும் ஓடுகிற அணி. ஆனாலும் தோனி எத்தனையாவது ஆளாக இறங்க வேண்டும் என்பதில் வாழப்பாடிக்காரருக்கும் திருவல்லிக்கேணிக்காரருக்கும் ஒரே அளவு உரிமை இருப்பதாகத்தான் இரு தரப்பும் நம்புகின்றன.

வாதம் சூடுபிடிப்பதற்கு முன் விதிகளைத் தெரிந்துகொள்வது நல்லது. ரசிகர்கள் கேட்கும் பாதி விஷயங்களை அணி நினைத்தாலும் செய்ய முடியாது. ஐபிஎல் சீசன் நடக்கும்போது ஃபார்மில் இல்லாத ஆட்டக்காரரை அணியைவிட்டு நீக்கிவிட்டு வெளியிலிருந்து வேறொருவரை எடுக்க வழியில்லை. காயம்பட்டாலோ வேறு காரணத்தால் ஆட முடியாமல் போனாலோதான் மாற்று ஆள் வரலாம். எனவே ஏப்ரல், மே மாதங்களில் எழும் ‘தூக்குங்கப்பா இவரை’ என்ற கூக்குரலுக்கு நடைமுறையில் ஒரே பொருள்தான்: பெஞ்சில் உட்காரவையுங்கள்.

உண்மையான ஆள் மாற்றம் சீசன் முடிந்தபின் தொடங்குகிறது. அணிகள் ஒன்றுக்கொன்று ஆட்டக்காரரை மாற்றிக்கொள்வதற்கான காலம் அப்போது திறக்கிறது. ஏலத்துக்குச் சற்று முன்பு மூடப்படுகிறது. ஏலத்துக்குப் பின் மறுபடியும் திறக்கிறது. ஒருவரைக் கொடுத்து ஒருவரை வாங்கலாம், வெறும் பணத்துக்கும் கொடுக்கலாம். ஆனால் அந்த ஆட்டக்காரர் சம்மதிக்க வேண்டும். ஆண்டின் கடைசியில், பெரும்பாலும் நவம்பரில், யார் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுவிக்கிறோம் என்ற பட்டியலை எல்லா அணிகளும் கொடுக்கின்றன. விடுவிக்கப்பட்டவருக்கு அடுத்த ஆண்டுச் சம்பளம் கிடையாது. ஏலத்தில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெரிய ஏலத்தில் அணிகளையே கலைத்துப் போட்டு மறுபடி அடுக்குவார்கள். அப்போது தக்கவைக்கக்கூடியவர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. கைவிட்டுப் போனவரை இன்னொரு அணி ஏலம் கேட்ட விலைக்கே திரும்ப எடுக்கும் ‘ரைட் டு மேட்ச்’ அட்டையும் சில ஏலங்களில் உண்டு.

அமெரிக்காவின் பேஸ்பாலில் இதே தகராறு நூறாண்டுக்கு மேல் பழையது. அங்கே விதிகள் நேர் எதிர். மேஜர் லீக் அணி ஒன்று ஒரு சீசனில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஆடத் தயாராக இருக்கும் 26 பேர், அவர்களையும் உள்ளடக்கிய 40 பேர் என்று இரண்டு பட்டியல்கள். தடுமாறும் மூத்தவரை நடு சீசனில், எந்த நாளிலும், 40 பேர் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அடுத்த ஏழு நாளுக்குள் அவரை வேறு அணிக்கு மாற்றுவதா, எல்லோருக்கும் பொதுவாக விட்டுவிடுவதா என்று முடிவு செய்தால் போதும். ஜூலை கடைசி வாக்கில் வரும் மாற்றக் கெடு முடியும்வரை ரசிகர்களுக்குத் தூக்கமில்லை. ஆட்டக்காரரின் சம்மதம் பொதுவாகத் தேவையில்லை. பத்தாண்டு ஆடியவர், அதில் கடைசி ஐந்தாண்டு ஒரே அணியில் இருந்தவர் என்றால் மட்டும் ‘போகமாட்டேன்’ என்று சொல்லும் உரிமை உண்டு. மூப்புக்குச் சட்டமே கொடுத்த மரியாதை அது. இன்னொன்று, பேசிய சம்பளத்தை நீக்கிய பின்னும் கொடுத்தாக வேண்டும்.

ஆல்பர்ட் புஹோல்ஸின் கதையில் இவை எல்லாம் ஒன்றாக வருகின்றன. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் பதினொரு ஆண்டு கொடிகட்டிப் பறந்தவர், 2011 டிசம்பரில் பத்தாண்டுக்கு 24 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஏஞ்சல்ஸ் அணிக்குப் போனார். போன பிறகு பழைய ஆட்டம் திரும்பவே இல்லை. 2021 மே மாதம், ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில், அந்த அணி அவரைப் பட்டியலிலிருந்து எடுத்தது, சம்பளத்தையும் கொடுத்தது. 2022-இல் 25 லட்சம் டாலருக்குப் பழைய கார்டினல்ஸுக்கே ஒரே ஆண்டு ஆட வந்தார். எல்லா நாளும் அவரை இறக்கவில்லை. பெரும்பாலும் இடது கைப் பந்துவீச்சாளர்கள் வரும் நாளில் இறக்கினார்கள். 42 வயதில் அந்த ஒரு சீசனில் 24 ஹோம் ரன் அடித்து, மொத்தம் 703 என்ற கணக்கோடு ஓய்வுபெற்றார். 24 கோடிக்குச் சுமையாக இருந்தவர் 25 லட்சத்துக்கு லாபமாக இருந்தார். இடையில் அவர் இளமையாகிவிடவில்லை. மாறியவை சம்பளமும் வேலையும்தான்.

மூத்தவர்களைப் பற்றிய வாதத்தில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான். ‘வயசாயிடுச்சு’ என்பது பாதி வாதம். எந்த விலைக்கு, எந்த இடத்தில், யாருடைய வாய்ப்பை அடைத்துக்கொண்டு ஆடுகிறார் என்பது மீதிப் பாதி. சிஎஸ்கேயின் பதினைந்து இருபது ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தால் அந்த அணி ஜெயித்த காலத்திலெல்லாம் இந்த இரண்டாம் பாதியைச் சரியாகப் போட்டிருப்பது தெரியும்.

இரண்டாண்டுத் தடை முடிந்து 2018-இல் திரும்பி வந்தபோது சிஎஸ்கேயைப் பலர் கேலி செய்தார்கள். தோனிக்கு வயது 36, ஷேன் வாட்சனுக்கும் 36, ஹர்பஜன் சிங்குக்கு 37, இம்ரான் தாஹிருக்கு 39. அப்பாக்களின் படை என்று பெயர் வைத்தார்கள். அந்தப் படை கோப்பையை வாங்கியது. வான்கடேயில் நடந்த இறுதியாட்டத்தில் வாட்சன் முதல் பத்துப் பந்துகளில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. டிவி முன்னால் எத்தனை பேர் வாட்சனைத் திட்டி எழுந்து போயிருப்பார்களோ. ஆட்டம் முடிந்தபோது அவர் 57 பந்துகளில் 117 ரன், ஆட்டமிழக்கவில்லை.

மறு ஆண்டு வாட்சனுக்கு ரன் வரவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் சொற்பமாக எடுத்து வெளியேறினார். வேறு எந்த அணியும் உட்காரவைத்திருக்கும், சிஎஸ்கே வைக்கவில்லை. பதினோராவது ஆட்டத்தில், சேப்பாக்கத்தில் ஹைதராபாத்துக்கு எதிராக 96 அடித்தார். மும்பையுடனான இறுதியாட்டத்தில் முழங்காலில் ரத்தம் வழிய வழிய 80 எடுத்தார். அணி ஒரே ஒரு ரன்னில் தோற்றது. அதே சீசனில் 40 வயது தாஹிர் 26 விக்கெட் எடுத்துத் தொடரின் பந்துவீச்சாளர்களில் முதலிடம் பிடித்தார். மூத்தவரைப் பொறுத்துப்போவது என்ற பழக்கம் சிஎஸ்கேக்கும் அதன் ரசிகர்களுக்கும் கிட்டத்தட்ட ஒரு கொள்கையாகவே ஆனது இந்த இரண்டு ஆண்டுகளில்தான்.

கொள்கை 2020-இல் அடி வாங்கியது. கொரோனாவால் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த அந்தத் தொடருக்கு முன்பே சுரேஷ் ரெய்னா ஊர் திரும்பிவிட்டார். வாட்சன், கேதார் ஜாதவ் என்று மூத்தவர்கள் வரிசையாகத் திணறினார்கள். வாய்ப்பு ஏன் இளைஞர்களுக்குப் போகவில்லை என்ற கேள்விக்கு, அவர்களிடம் போதிய பொறி தெரியவில்லை என்ற பொருளில் தோனி சொன்ன பதில், அவருடைய ரசிகர்களில் பலரையே கோபப்படுத்தியது. கடைசி மூன்று ஆட்டங்களில் ருதுராஜ் கெய்க்வாட் மூன்று அரைசதம் அடித்தபோது அந்தக் கோபத்துக்கு ஆதாரமும் கிடைத்தது. சிஎஸ்கே ஏழாவது இடத்தில் முடித்தது. தான் ஆடிய சீசன்களில் பிளே ஆஃப் போகாமல் போனது அதுவே முதல் தடவை.

அதன்பின் நடந்தது கவனிக்கத் தக்கது. வாட்சன் ஓய்வுபெற்றார், ஜாதவ் விடுவிக்கப்பட்டார். ஆனால் காலியான இடங்களை நிரப்ப அணி இளைஞர்களை மட்டும் தேடவில்லை. ராஜஸ்தானிடமிருந்து 35 வயது ராபின் உத்தப்பாவைப் பணம் கொடுத்து வாங்கியது. 2021 சீசனின் பெரும்பகுதி அவர் பெஞ்சில்தான் இருந்தார். ரெய்னா 12 ஆட்டங்களில் 160 ரன் மட்டுமே எடுத்திருந்த நிலையில், கடைசிக் கட்டத்தில் அவருக்கு முழங்கால் காயம் என்று சொல்லி உத்தப்பாவை இறக்கினார்கள். டெல்லிக்கு எதிரான முதல் தகுதி ஆட்டத்தில் 63. கொல்கத்தாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் 15 பந்துகளில் 31. கோப்பை வந்தது. ஒரு மூத்தவரின் இடத்தில் அவரைவிட மூத்தவர் வந்து ஜெயித்துக் கொடுத்தார். ‘வயசானவங்களைத் தூக்குங்க’ என்ற கட்சிக்கு இது பதில் சொல்ல முடியாத உதாரணம்.

ரெய்னாவின் முடிவு அவ்வளவு சுமுகமாக இல்லை. சிஎஸ்கேக்காக மட்டும் 4,687 ரன் எடுத்தவர். தோனி ‘தல’ என்றால் இவர் ‘சின்ன தல’. 2022 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த பெரிய ஏலத்தில் 2 கோடி அடிப்படை விலையில் அவர் பெயரைப் படித்தபோது பத்து அணிகளில் ஒன்றும் கை தூக்கவில்லை. சிஎஸ்கேயும் தூக்கவில்லை. இப்போதைய அணி அமைப்பில் அவர் பொருந்தமாட்டார் என்று தலைமைச் செயல் அதிகாரி காசி விஸ்வநாதன் பின்னர் விளக்கினார். கிரிக்கெட் கணக்கில் விளக்கம் சரிதான். ரசிகர்களின் மனக்குறை வேறு: அடிப்படை விலைக்கு எடுத்து, ஒரு சீசன் பெஞ்சில் வைத்தாவது மரியாதையாக வழியனுப்பியிருக்கலாமே என்பது. அதே ஏலத்தில் 14 கோடிக்கு வாங்கிய தீபக் சாஹர் காயத்தால் அந்த ஆண்டு ஒரு ஆட்டமும் ஆடவில்லை என்பதால் அந்தக் குறை இன்னும் நீண்டது. ஆனால் 25 இடங்களில் ஒன்றை நன்றிக்கடனுக்கு ஒதுக்கினால் மற்ற இடங்களின் சுமை கூடும். ரெய்னா அந்த ஆண்டு செப்டம்பரில் எல்லா வகை கிரிக்கெட்டிலிருந்தும் ஓய்வை அறிவித்தார்.

அஜிங்க்ய ரஹானே இதற்கு மறுபக்கம். 2022-இல் கொல்கத்தாவுக்காக ஏழு ஆட்டங்களில் 133 ரன். டெஸ்ட் அணியிலிருந்தும் வெளியே. அந்த ஆண்டு டிசம்பர் ஏலத்தில் சிஎஸ்கே அவரை 50 லட்சம் அடிப்படை விலைக்கு எடுத்தபோது, முதியோர் இல்லத்துக்கு இன்னொருவர் என்று கிண்டல் எழுந்தது. 2023-இல் மும்பைக்கு எதிராக 19 பந்துகளில் அரைசதம் அடித்தார். சீசன் முழுவதற்குமாக 326 ரன், நூறு பந்துக்கு 172 என்ற வேகத்தில். அந்த ஆட்டத்தின் பலத்தில் ஜூனில் உலக டெஸ்ட் இறுதியாட்டத்துக்கும் போய் 89 எடுத்தார். அடுத்த ஆண்டு அதே ரஹானே மந்தமாக ஆடினார். சிஎஸ்கே அவரை விட்டுவிட்டது. 50 லட்சத்துக்கு வாங்கியவரை ஒரு சீசன் தோற்றதும் விடுவதில் யாருக்கும் மனக்கசப்பில்லை.

இந்த உதாரணங்களிலிருந்து ஒரு சிக்கல் தெரிகிறது. தடுமாற்றம் தற்காலிகமா, முடிவின் தொடக்கமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டி20 கிரிக்கெட்டில் அது மிகக் கடினம். ஐபிஎல் லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டம். சராசரியாக ஒரு பேட்ஸ்மேன் ஆட்டத்துக்குப் பதினைந்து பந்து ஆடினால் சீசன் முழுக்க இருநூறு பந்துச் சொச்சம். பேஸ்பாலில் முழுநேர ஆட்டக்காரர் ஒருவர் ஆண்டுக்கு அறுநூறு முறைக்குமேல் மட்டையோடு நிற்கிறார். அங்கேயே ஐம்பது அறுபது வாய்ப்பு சறுக்கினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் சொல்வார்கள். இங்கே நான்கு ஆட்டம் சொதப்பியதுமே தீர்ப்பு வந்துவிடுகிறது. சொதப்பிய நான்கு ஆட்டம் என்பது முப்பது நாற்பது பந்து. அவற்றில் ஒன்று நல்ல கேட்ச், ஒன்று ரன் அவுட், ஒன்று கடைசி ஓவரில் அடித்தே தீரவேண்டிய நிலையில் தூக்கியடித்தது என்றால் ஆட்டக்காரரைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

ரன்னைவிட நம்பகமான அடையாளங்கள் சில உண்டு. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பேட்ஸ்மேனை அடைய அரை நொடிதான் ஆகும். வயது ஏற ஏறக் கண்ணும் கையும் தாமதிக்கின்றன. அனுபவம் உள்ளவர் அதை முன்கூட்டியே கணித்து ஈடுகட்டுகிறார். கணிப்பு தவறும்போதுதான் உண்மை வெளிவருகிறது: உயரமாக எழும் பந்துக்கு மட்டை தாமதமாக வரும், முன்பு சிக்ஸருக்குப் போன அடி எல்லைக்கோட்டருகே கேட்ச் ஆகும், இரண்டு ரன் ஒரு ரன்னாகச் சுருங்கும். சுழற்பந்து வீச்சாளருக்கு இந்தத் தேய்மானம் மெதுவாக வருகிறது, தாஹிரைப் போல. விக்கெட் கீப்பரின் கையும் நீண்ட காலம் ஒத்துழைக்கும். முதலில் கைவிடுவது முழங்கால்.

தோனியைப் பற்றிய வாதம் அங்கேதான் போய் முட்டுகிறது. 2019 ஜூலையில் ஓல்ட் டிராஃபோர்டில் நியூசிலாந்துடன் ஆடிய உலகக் கோப்பை அரையிறுதிதான் இந்தியாவுக்காக அவருடைய கடைசி ஆட்டம். 2023-இல் முழங்கால் வலியோடு ஐந்தாவது கோப்பையை வாங்கினார். அந்த சீசனில் சேப்பாக்கத்தில் விசித்திரமான காட்சி ஒன்று நடந்தது: சொந்த அணியின் ஜடேஜா ஆட்டமிழந்தால் கூட்டம் ஆர்ப்பரித்தது, அடுத்து தோனி வருவார் என்பதால். தான் முன்னதாக இறங்கினால் தன் விக்கெட்டுக்காகக் காத்திருப்பார்கள் என்று ஜடேஜாவே சிரித்துக்கொண்டு சொன்னார். அதே ஜடேஜாதான் இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கொடுத்தார்.

2024 பெரிய ஏலத்துக்கு முன் விதி ஒன்று திரும்பி வந்தது. ஐந்தாண்டாகச் சர்வதேச ஆட்டம் ஆடாத, வாரிய ஒப்பந்தம் இல்லாத இந்திய ஆட்டக்காரரை, நாட்டுக்காக ஒருமுறையும் ஆடாதவர் பிரிவில் சேர்த்து 4 கோடிக்குத் தக்கவைக்கலாம். இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற தலைவர், விதியின் கண்ணில் புதுமுகம் ஆனார். ரசிகர்கள் இதைச் சொல்லிச் சிரித்தாலும் சிஎஸ்கேக்கு நல்ல வியாபாரம்: அதற்கு முந்தைய பெரிய ஏலத்தில் அவருக்கு 12 கோடி ஒதுக்கியிருந்தது. ருதுராஜுக்கும் ஜடேஜாவுக்கும் தலா 18 கோடி, பதிரானாவுக்கு 13, துபேக்கு 12, தோனிக்கு 4 என்று மொத்தம் 65 கோடி போக, 120 கோடியில் மீதி 55 கோடியுடன் அணி ஜெட்டா ஏலத்துக்குப் போனது. அஸ்வினைப் பத்தாண்டு கழித்து 9.75 கோடிக்கு ஊருக்குக் கொண்டுவந்தது.

விலை சரியாக இருந்தது. இடம் சரியாக அமையவில்லை. 2025 மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூருவுக்கு எதிராக அணி மூழ்கிக்கொண்டிருந்தபோது தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார், அஸ்வினுக்கும் பிறகு. 16 பந்துகளில் 30 எடுத்தார். அணி 50 ரன்னில் தோற்றது. அந்த மைதானத்தில் பெங்களூருவிடம் 2008-க்குப் பின் முதல் தோல்வி. தோனியின் முழங்கால் பழைய மாதிரி இல்லை, பத்து ஓவர் ஓடி ஓடி ஆட அவரால் முடியாது என்று பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங் வெளிப்படையாகவே சொன்னார். பின்னால் இறங்கினால் ‘இவ்வளவு தாமதமாக ஏன்’ என்றார்கள். டெல்லிக்கு எதிராக முன்னால் இறங்கி 26 பந்துகளில் 30 எடுத்தபோது ‘இவ்வளவு மெதுவாக ஏன்’ என்றார்கள். இரண்டு கேள்வியும் நியாயமானதே. பத்துப் பந்துக்கு மட்டும் உதவும் ஒருவரை அந்தப் பத்துப் பந்து வரும்வரை காத்திருந்து இறக்கலாம். ஆனால் முன்வரிசை உடைந்துகொண்டே இருந்தால் அந்தப் பத்துப் பந்தால் பயனில்லை. 2023-இல் அவருக்கு முன்னால் வலுவான வரிசை இருந்தது. 2025-இல் இல்லை. தோனியின் மீது விழுந்த பழியில் பெரும்பங்கு ஏலத்தில் முன்வரிசையைச் சரியாகக் கட்டாதவர்களுக்குச் சேர வேண்டியது.

ஏப்ரலில் ருதுராஜ் முழங்கை முறிவால் வெளியேற, 43 வயதில் தோனி மறுபடி தலைவரானார். லக்னோவுக்கு எதிராக 11 பந்துகளில் 26 எடுத்து ஆட்ட நாயகன் விருதும் வாங்கினார். காயம்பட்டவர்களுக்கு மாற்றாக 17 வயது ஆயுஷ் மாத்ரேயும் தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸும் வந்தார்கள். மாத்ரே பெங்களூருவுக்கு எதிராக 94 அடித்தார். காயம் என்ற ஒரே கதவு வழியாக உள்ளே வந்தவர்கள்தான் சீசனின் நல்ல பகுதி. சிஎஸ்கே முதல்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. தோனி 196 ரன். அஸ்வின் ஒன்பது ஆட்டங்களில் 7 விக்கெட். ஆகஸ்டில் அஸ்வின் ஐபிஎல்லிலிருந்து விலகினார்.

அந்த நவம்பரில் நடந்ததை ஓராண்டு முன்பு சொல்லியிருந்தால் எந்த ரசிகரும் நம்பியிருக்கமாட்டார். சஞ்சு சாம்சனை வாங்குவதற்காக ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்தது சிஎஸ்கே. 2012-இல் 20 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்து, நடுவில் சில ஆட்டங்களுக்குத் தலைவராகவும் ஆக்கிய ஆட்டக்காரர் ஜடேஜா. 18 கோடியாக இருந்த அவர் சம்பளம் புதிய அணியில் 14 கோடியானது. 2010-இல் ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேசினார் என்று ஓராண்டுத் தடை வாங்கியவர் அதே அணிக்குத் திரும்பினார். டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில், நாட்டுக்காக ஆடாத பிரசாந்த் வீருக்கும் கார்த்திக் சர்மாவுக்கும் சிஎஸ்கே தலா 14.20 கோடி கொடுத்தது. பொறுத்துப்போகும் அணி என்று பெயரெடுத்தது ஒரே குளிர்காலத்தில் கட்சி மாறிவிட்டது. தடுமாறும் மூத்தவருக்கு அதிக விலை கொடுப்பது எவ்வளவு ஆபத்தோ, ஆடிப் பார்க்காத இளைஞருக்கு அதிக விலை கொடுப்பதும் அவ்வளவு ஆபத்துதான் என்பதற்குச் சேலம் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு.

சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த டி. நடராஜன் டென்னிஸ் பந்து ஆட்டத்தில் யார்க்கர் பழகியவர். 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து பஞ்சாப் அவரை 3 கோடிக்கு உயர்த்தியது. ஆறு ஆட்டம், 2 விக்கெட். அடுத்த ஆண்டு விலை 40 லட்சம், ஹைதராபாத் எடுத்தது. 2018, 2019 இரண்டு சீசனும் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் பெஞ்சில். அந்த அணி அவரை விடுவிக்காமல் வைத்திருந்ததுதான் பிறகு நடந்ததற்கெல்லாம் காரணம். 2020-இல் 16 விக்கெட், யார்க்கராகப் போட்டுத் தள்ளினார். வலைப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், மற்றவர்களுக்குக் காயம் ஏற்பட ஏற்பட, அந்த ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். 2021-இல் முழங்கால் அறுவை சிகிச்சை. திரும்பி வந்து 2022-இல் 18 விக்கெட், 2024-இல் 19 விக்கெட். டெல்லி 10.75 கோடிக்கு வாங்கியது. 2025-இல் விரல்விட்டு எண்ணும் ஆட்டங்களில் மட்டுமே இறக்கினார்கள். 40 லட்சத்தில் முழு சீசன் ஆடியவர் 10.75 கோடியில் பெஞ்சில் இருந்தார். டெல்லி ரசிகர்கள் பணம் வீண் என்றார்கள். சேலத்துக்காரர்கள் ஆளை வீணடிக்கிறார்கள் என்றார்கள்.

டிஎன்பிஎல்லில் இதே கணக்கு சிறிய தொகையில் நடக்கிறது. 2016-இல் தொடங்கிய அந்தத் தொடரில் அணிகள் முதலில் முறைவைத்து ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தன. 2023 முதல் ஏலம். அந்த முதல் ஏலத்தில் கோவை அணி சாய் சுதர்சனை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது ஐபிஎல்லில் குஜராத் அவருக்குக் கொடுத்தது 20 லட்சம்தான். இரண்டே ஆண்டில், 2025 ஐபிஎல்லில் 759 ரன் எடுத்து அவர் முதலிடம் பிடித்தார். தூத்துக்குடி அணியாக முதல் கோப்பையை வென்று, 2021-இல் சேலத்துக்கு மாறிய சேலம் ஸ்பார்ட்டன்ஸுக்கு அப்படியொரு அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2023-இல் அதன் தலைவர் அபிஷேக் தன்வர், சேப்பாக்கம் அணிக்கு எதிராக ஓவரின் கடைசிப் பந்தை முடிப்பதற்குள் நோ பாலும் வைடுமாகப் போட்டு 18 ரன் கொடுத்தது உலகம் முழுக்கச் செய்தியானது. உள்ளூர்க்காரர்கள் அதற்காக அவரைத் தூக்கச் சொல்லிக் கொடி பிடிக்கவில்லை. ஒரு பந்துதானே என்று விட்டுவிட்டார்கள்.

மூத்தவர்களுக்கும் டிஎன்பிஎல் ஒரு தங்குமிடம். நீண்ட இடைவெளிக்குப் பின் 2022-இல் திருச்சி அணிக்கு ஆடிய முரளி விஜய், நெல்லைக்கு எதிராக 121 அடித்தார், அணி தோற்றது. அஸ்வின் திண்டுக்கல் அணித் தலைவராக 2024-இல் கோப்பை வாங்கினார். இந்த ஆட்டங்களைப் பார்க்க வருபவர்களில் ஐபிஎல் அணிகளின் ஆள் தேடுபவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் பார்ப்பது இருபது வயதுப் பையன்களை. முப்பத்தைந்து வயதுக்காரர் அங்கே சதம் அடித்தாலும் அவர்களுடைய குறிப்பேட்டில் ஏறுவது அரிது. அவருக்காகக் கை தட்டுபவர்கள் மைதானத்தின் வெளிப்பக்க இருக்கைகளில் இருப்பவர்கள்தான்.